நாலு ரிவெட்

மார்ஜின் போட நீங்கள் கொடுத்த ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. அலுவலக ஸ்கேல் என்றால் அப்படித்தான் இருக்கும், யாராவது முதுகு சொறியக்கூட எடுத்திருப்பார்கள். தேய்ந்த முனையை நம்பி அளக்கக் கூடாது என்பதால் ஒன்று என்று போட்டிருக்கிற இடத்தில் ஆரம்பித்து, மூன்றில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். உங்கள் எழுத்தர் மூன்று சென்டிமீட்டர் மார்ஜின் கேட்டிருந்தார். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்துநாலு வருஷ சர்வீஸ். என் பொறுப்பில் இருந்த லிஃப்டுகளில் ஒருவருக்கு விரல்கூட நசுங்கியதில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. விசாரணை அறிக்கையில் என்னைப் பற்றி வேறு மாதிரி எழுதிவிட்டார்கள். 'பராமரிப்பில் கவனக்குறைவு' என்ற அந்த இரண்டு வார்த்தைகளுக்காகத்தான் முந்தாநாள் காலையில் நானாக நடந்து இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். அதுவரை நீங்கள் யாரும் என்னைத் தேடவில்லை.

எனக்கு இருக்கிற ஒரே பழக்கம் பிளாஸ்டிக் விமானம் செய்வது. விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். நிஜ விமானத்தை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டு துண்டாக அச்சில் வார்த்து, பெட்டியில் போட்டு விற்பார்கள். அதற்குக் கிட் என்று பேர். வாங்கி வந்து, வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து அலமாரியில் வைப்போம். வைத்த பிறகு தூசி தட்டுவோம். அவ்வளவுதான். "இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று என் தங்கை முப்பது வருஷமாகக் கேட்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் சிரிப்போம். இரண்டு பேர் என்றால் நானும் அவள் கணவனும்.

அவனை நான் அவன் என்றுதான் எழுதுவேன். எனக்கு மாப்பிள்ளை ஆவதற்கு முன்பே அவன் எனக்கு நண்பன். சர்வே அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை. எங்கள் கூட்டத்தில் அவனுக்கு ரிவெட் என்று பேர். விமானத்தின் தகடுகளைச் சேர்த்து அடித்திருக்கிற ஆணியைத்தான் ரிவெட் என்போம். பழைய புகைப்படத்தின் மேல் லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு இறக்கையில் எத்தனை ரிவெட் என்று எண்ண உட்கார்ந்தால், பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிர மாட்டான். அப்படிப்பட்டவன் கையில் நம்பி ஒரு பெண்ணைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. நானே பார்த்து, நானே பேசி, நானே முன்னால் நின்று கட்டி வைத்தேன். அப்பாவின் வீட்டைத் தங்கை பேரில் எழுதச் சொன்னதும் நான்தான். கீழ்த்தளம் அவர்களுக்கு, மாடியில் ஒரு அறை எனக்கு. குடும்பம் இருக்கிறவளுக்குத்தானே இடம் வேண்டும். இதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. இதை எதற்கு எழுதினேன் என்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் கூடுவோம். அங்கே பல் டாக்டர் ஒருவர் கிளினிக் வைத்திருக்கிறார். அன்றைக்கு நோயாளிகள் கிடையாது என்பதால் காத்திருக்கும் அறையின் நீள மேசை எங்களுக்கு. நானும் அவனும், பல் டாக்டர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், பூகோளம் நடத்துகிற டீச்சர், ஆக ஐந்து பேர். டீச்சர் ஒட்டினால் இணைப்பே தெரியாது. டிரைவர் ஒட்டினால் இணைப்பு மட்டும்தான் தெரியும். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரித்ததும் நான்தான்.

இப்போது 'வாத்து' பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீரிலும் தரையிலும் இறங்கக்கூடிய இரட்டை எஞ்சின் விமானம் அது. வயிறு படகு மாதிரி இருக்கும், அதனால் நாங்கள் வைத்த பேர். மொத்தமே கொஞ்சம்தான் செய்தார்கள், தொழிற்சாலையின் வரைபடங்கள் தீயில் போய்விட்டன. மிச்சம் இருந்த ஒரே ஒரு வாத்து, ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியின் பின்புறம் மழையிலும் வெயிலிலும் நின்றுகொண்டிருந்தது. நானும் அவனும் இரண்டு வருஷ விடுமுறையைச் செலவழித்து அதை மூக்கிலிருந்து வால் வரை அளந்தோம். நான் ஏணியில் நின்று டேப்பைப் பிடித்துப் படித்துச் சொல்வேன். அவன் கீழே நின்று குறித்துக்கொண்டு, வீட்டில் வந்து வரைவான்.

என் டேப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லாம் அதில்தான் வந்து நிற்கிறது. தினமும் லிஃப்ட் கிணற்றுக்குள் வேலை செய்த டேப். அதன் முனைக் கொக்கி வளைந்து, முதல் சில கோடுகள் அழிந்துபோயிருந்தன. எங்கள் தொழிலில் யாரும் அதற்காக டேப்பைத் தூக்கிப் போட மாட்டோம். பூஜ்யத்துக்குப் பதில் பத்தாவது சென்டிமீட்டரை ஓரத்தில் வைத்து அளப்போம், வருகிற எண்ணில் பத்தைக் கழித்துக்கொள்வோம். இது கை பழகிய விஷயம். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவது போல. முப்பத்துநாலு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கழிக்க மறந்ததில்லை.

(இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டியிருந்தது. முதல் தாளை வாங்க வந்த உங்கள் எழுத்தர், மார்ஜின் பத்தவில்லை, ஓட்டை போட்டுக் கோத்தால் எழுத்து மறைந்துவிடும் என்றார். அவருடைய ஸ்கேலை வாங்கி வைத்துப் பார்த்தேன். இரண்டு சென்டிமீட்டர்தான் இருந்தது. உங்கள் ஸ்கேல் அவ்வளவு மோசம். இந்தத் தாளிலிருந்து கோடு தள்ளிப் போட்டிருக்கிறேன்.)

நாங்கள் அளந்து முடித்த அடுத்த வருஷம் அந்தப் பள்ளிக்காரர்கள் வாத்தை வெட்டிப் பழைய இரும்போடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள். ஆக, உலகத்தில் வாத்தின் அளவு இருந்தது எங்கள் நோட்டில் மட்டும். தூர தேசத்துக் கிட் கம்பெனி ஒன்றுக்கு அவன் கடிதம் எழுதினான். அவர்கள் துள்ளிக் குதித்து, வாத்தைக் கிட்டாகக் கொண்டுவரப் போவதாக அறிவித்தார்கள். பெட்டிக்குள் வருகிற கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி அச்சடிப்பதாகவும் எழுத்தில் வாக்குக் கொடுத்தார்கள். 'அளவெடுத்தவர்' என்று என் பேர். 'வரைந்தவர்' என்று அவன் பேர்.

இது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். நான் பொருத்திய லிஃப்டுகளில் கம்பெனியின் பேர் பித்தளையில் இருக்கும். வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் பேர் இருக்கிறது. ரேஷன் கார்டில்கூட நான் மூன்றாவது ஆள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எனக்கு ஒரு வரி போதும், அது என் வரியாக இருந்தால்.

அறிவிப்பு வந்து பதினோரு வருஷம் ஆயிற்று. 'அடுத்த வருஷம்' என்றார்கள், பிறகு 'அடுத்த காலாண்டு' என்றார்கள், பிறகு 'விரைவில்' என்று மட்டும் போட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் மேசையில் இதுதான் பேச்சு.

"என் பேத்தி கல்யாணத்துக்குள்ள வந்துடுமா?" என்பார் டிரைவர்.

"முதல்ல பேத்தி பொறக்கட்டும்," என்பார் டீச்சர்.

"பொறக்கறதுக்கு முன்னாடியே பேர் வெச்சவங்கதானே நாம. வாத்துக்கு எங்கிட்ட பெயின்ட் வாங்கி, அது காய்ஞ்சு, மறுபடி வாங்கியாச்சு."

பல் டாக்டர் கம்பெனி பக்கம் பேசுவார். ஒரு பல் செட்டுக்கு அச்சு எடுக்கவே மூன்று தடவை திருத்த வேண்டியிருக்கிறது, இது முழு விமானம், அவசரப்பட்டால் வாயில் நிற்காது என்பார். வாத்துக்கு ஏது வாய் என்று டிரைவர் கேட்பார். கம்பெனியே கிடையாது, எல்லாம் ஏமாற்று என்பது டிரைவரின் கடைசிக் கட்சி. அவன் சிரித்துக்கொண்டே எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பான். நானும் சிரிப்பேன். அந்தப் பதினோரு வருஷமும் நான் சந்தோஷமாகவே இருந்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

போன வருஷம் நிஜமாகவே நாள் குறித்துவிட்டார்கள். பெட்டியின் படம் வெளிவந்தது. இன்னும் இரண்டு மாதம்தான். டிரைவர்கூட நம்ப ஆரம்பித்தார்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் எனக்கு உப்புத்தாள் தீர்ந்துபோனது. கீழே போய் அவன் மேசை இழுப்பறையைத் திறந்தேன். எங்களுக்குள் இழுப்பறைக்குப் பூட்டு கிடையாது. உப்புத்தாளுக்கு மேலே, கம்பெனிக்கு அவன் எழுதிய கடிதத்தின் நகல் இருந்தது. அவன் கையெழுத்து அச்சு போல இருக்கும், படிக்காமல் இருப்பது கஷ்டம்.

'உங்கள் அச்சு தவறாக இருக்கிறது' என்று ஆரம்பித்திருந்தான். 'மூக்கின் ஓரத்திலிருந்து முதல் ஜன்னல் வரை நாங்கள் கொடுத்த அளவில் பத்து சென்டிமீட்டர் கூடுதல். பழைய புகைப்படம் ஒன்றில் அந்த இடத்தின் ரிவெட்டுகளை எண்ணிப் பார்த்தேன். அளவின்படி இருக்க வேண்டியதைவிட நாலு ரிவெட் குறைகிறது. டேப்பின் முதல் பத்தைக் கழிக்காமல் விட்டதுதான் காரணம். சுருக்கிய பிறகு இது இரண்டு மில்லிமீட்டர்தான், ஆனால் வாத்தின் முகமே மாறிவிடுகிறது. தயவுசெய்து நிறுத்தித் திருத்துங்கள். அன்று அளவைப் படித்துச் சொன்னது'

முதல் தாள் அங்கே முடிந்தது. கீழே இன்னொரு தாள் இருந்தது. நான் அதைத் திருப்பவில்லை. திருப்புவதற்கு என்ன இருக்கிறது? படித்துச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாதா? ஏணியில் நின்றது நான். கடிதத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, உப்புத்தாள் இரண்டு எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தேன்.

கூட இருந்தே குழி பறிப்பது என்று சொல்வார்களே, அதைக் கேட்டிருக்கிறேன், அதற்குள் விழுந்ததில்லை. அன்றைக்கு விழுந்தேன். வேறு யாராவது எழுதியிருந்தால் பொறாமை என்று துடைத்துப் போட்டிருப்பேன். முதலில் என்னிடம் வந்து, 'மச்சான், இங்கே இடிக்குதே' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தப் புகைப்படம் கோணலாக எடுத்தது, ரிவெட்டை நம்பாதே என்று விளக்கியிருப்பேன். ஒரே வீடு, பதினெட்டுப் படிக்கட்டு. அதை ஏறி வந்து கேட்காமல், பாதி உலகம் தாண்டிக் கடிதம் போட்டிருக்கிறான். பிழை செய்தவன் பேரைக் கம்பெனி கையேட்டில் வைத்திருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

நான் அவசரப்படுகிறவன் இல்லை. அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். மறுநாள் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகக் கேட்டேன்.

"மாப்ள, கம்பெனிக்கு ஏதாவது எழுதினியா?"

அவன் கை ஒரு விநாடி தட்டிலேயே நின்றது. தங்கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"சும்மாதான் மச்சான். எப்ப வரும்னு கேட்டு ஒரு லெட்டர்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நீ ஏன் சாப்பிடாம உக்காந்திருக்க?"

என் முகத்துக்கு நேரே, என் அப்பா வீட்டுக் கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்ன பொய். நம்ப வைத்துக் கழுத்தை அறுக்கிறவன் கத்தியைக் காட்டிக்கொண்டா வருவான்? நான் மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தேன். அன்றைக்கே முடிவும் எடுத்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம், ஆனால் அது உண்மையாக இருக்காது. முடிவு எடுக்க நாலு மாதம் ஆயிற்று. எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பது என் பழக்கம்.

சில வாரத்தில் கம்பெனி அறிவித்தது. 'மூக்கின் அளவில் இரண்டு மில்லிமீட்டர் திருத்தம் கடிதத்தில் வந்திருப்பதால் வெளியீடு தள்ளிப்போகிறது.' அந்த ஞாயிறு மேசை கொதித்தது.

"எவனோ லெட்டர் போட்டிருக்கான்," என்றார் டிரைவர். "ரெண்டு மில்லிக்காக! கையில கிடைச்சான்னா பஸ்ஸுக்கு அடியில படுக்க வெச்சிருவேன்."

"ரெண்டு மில்லின்னா பல்லுல ரொம்பப் பெருசு," என்றார் பல் டாக்டர்.

"இது பல்லு இல்ல, டாக்டர்!"

டீச்சர் என் பக்கம் திரும்பி, "அளந்தவர் நீங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவன் தலையைக் குனிந்து ஒரு சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். தேய்த்துத் தேய்த்துச் சக்கரம் தட்டையாகிவிட்டது. அங்கேயே சொல்லியிருக்கலாம், இதோ இவன்தான் என்று. காட்டிக்கொடுக்கிற குணம் எனக்கு இல்லை.

அதற்கடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள எங்கள் வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். முடித்த விமானத்தை ஒரு கையில் எடுத்துப் போக முடியாது. வாத்தின் அளவில் ஒன்று என்றால் இறக்கை இரண்டு அடிக்கு மேல் இருக்கும். பலகையில் வைத்து, இரண்டு கையாலும் மார்புக்கு முன்னால் ஏந்திக்கொள்ள வேண்டும். லிஃப்டுக்குள் நேராகப் போனால் கதவு மூடி வாலை இடிக்கும். அதனால் பின்பக்கமாக நடந்துதான் உள்ளே போவோம். கண் இறக்கை நுனிகள் மேலேயே இருக்கும். வெளியே நிற்கிறவர், பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் சொல்வது போல "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுப்பார். டிரைவர் விளையாட்டாக ஆரம்பித்துவைத்தது, சட்டமாகிவிட்டது. எத்தனையோ வருஷமாக அவனுக்கு நான் குரல் கொடுத்தேன், எனக்கு அவன் கொடுத்தான். ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பிப் பார்த்தால் நம்பவில்லை என்று அர்த்தம்.

நாலாவது மாதம் ஒரு ஞாயிறு அவன் பெரிய பெட்டியோடு வந்தான். வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். திருத்திய அச்சில் எடுத்த முதல் மாதிரியைக் கம்பெனி அவனுக்குத்தான் அனுப்பியிருந்தது. பத்து நாள் உட்கார்ந்து ஒட்டியிருந்தான். பிரவுன் தாளை எடுத்ததும் எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். பதினோரு வருஷம் உட்கார்ந்து பேசினவர்கள். வாத்து அழகாக இருந்தது. நான் அதை மறைக்க மாட்டேன். மூக்கு கொஞ்சம் உள்ளே போய், அந்தப் பள்ளிக்குப் பின்னால் நின்ற அதே முகம் வந்திருந்தது.

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த லெட்டர் போட்டவன் கால்ல விழணும்டா. யாருப்பா அது?"

"யாரா இருந்தா என்ன," என்றான் அவன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு போதும். இழுப்பறையில் படித்தது நினைவுக்கு வந்தது. ஊருக்கு நடுவில் என் தப்பைச் சொல்லாமல் கையில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது எடுப்பேன் என்கிற சிரிப்பு.

பெட்டியை மட்டும் யாரையும் திறக்க விடவில்லை. "அதை மச்சான்தான் முதல்ல திறக்கணும்," என்றான். உள்ளே கையேடு இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் வரி இல்லாத கையேட்டை எல்லோருக்கும் முன்னால் நான் திறக்க வேண்டுமாம்.

"லிஃப்ட் காலையில கொஞ்சம் சத்தம் போட்டுச்சு. பாத்துட்டு வரேன்," என்று எழுந்தேன்.

அதை என்ன செய்தேன் என்று விவரமாக எழுதப் போவதில்லை. தவறான ஆள் கையில் இந்தத் தாள் கிடைக்கக் கூடாது. லிஃப்ட் பெட்டியைக் கீழ்த்தளத்தில் நிறுத்தினேன், ஐந்தாவது மாடிக் கதவை என்னிடம் இருக்கும் சாவியால் திறந்தேன், அவ்வளவு போதும். திறந்த நேரத்திலிருந்து ஒரு அடி நகராமல் அங்கேயே நின்றேன். மூன்றாவது வீட்டு அம்மா துணிப் பையோடு வந்தார்கள். வேலை நடக்கிறது, படியில் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன். சம்பந்தமில்லாத ஒருவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னால் என்னை மன்னிக்க முடியாது.

அவன் வாத்தை ஏந்திக்கொண்டு கிளினிக்கிலிருந்து வெளியே வந்தான். தங்கையிடம் காட்ட வீட்டுக்கு எடுத்துப் போகிறானாம். மற்றவர்கள் உள்ளே மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டி உள்ள இருக்கட்டும் மச்சான், நீ எடுத்துட்டு வந்துடு. லிஃப்ட் நிக்குதா?"

"நிக்குது. வா."

முதுகைத் திருப்பிக்கொண்டான். இறக்கையின் வலது நுனியைப் பார்த்தான், இடது நுனியைப் பார்த்தான். ஒரு அடி வைத்தான்.

"வரலாம்," என்றேன். "வரலாம்."

மூன்றாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கத்தவில்லை அவன். கையை விட்டுக் கதவைப் பிடித்திருக்கலாம், ஒரு நொடி இருந்தது. வாத்தை விடவில்லை. வால் மட்டும் முழுசாகக் கிடைத்தது என்று பிறகு சொன்னார்கள்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கதவின் பூட்டு தேய்ந்து, லிஃப்ட் வராமலே திறந்துகொண்டது என்று அவர்களே முடிவு செய்தார்கள். லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஆட்கள் வீட்டுக்கு வந்தபோது என் தங்கை கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பதினைந்து நாளில் பாதியாகியிருந்தாள். அந்த நிலையிலும் அவர்களிடம் சண்டை போட்டாள்.

"எங்க அண்ணன் மேல தப்பு சொல்லாதீங்க. அவருக்குக் கவனக்குறைவுன்னா என்னன்னே தெரியாது. என் வீட்டுக்காரரே சொல்வாரு, மச்சான் கையில டேப் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வரையலாம்னு."

அவள் சொன்னது சரி. அறிக்கை கையில் வந்த அன்றைக்கு அதைத்தான் நினைத்துக்கொண்டேன். முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்து, கடைசியில் பூட்டைக் கவனிக்காத மெக்கானிக் என்று ஒரு கோப்பில் கிடப்பதா? அந்தப் பூட்டில் எந்தப் பழுதும் இல்லை. அந்த ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமைதான் எண்ணெய் விட்டேன். நீங்கள் வேறு எதை எழுதாவிட்டாலும் இதை எழுதிவிடுங்கள்: லிஃப்டில் கோளாறு இல்லை, மெக்கானிக்கிடம் கவனக்குறைவு இல்லை, என் தங்கையின் கணவனை நான் நன்றாகத் தெரிந்தே கொன்றேன். இதைத் தங்கையிடம் நீங்கள் சொல்லியாயிற்று என்று அறிகிறேன். என்னைப் பார்க்க மாட்டேன் என்றாளாம். கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடுவாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நேற்று மாலை நீங்கள் இரண்டு பொருளை இந்த மேசையில் வைத்தீர்கள். ஒன்று, கிளினிக்கில் இருந்த பெட்டியிலிருந்து எடுத்த கையேடு. கடைசிப் பக்கத்தில் 'அளவெடுத்தவர்' என்று என் பேர் இருந்தது. கொட்டை எழுத்தில், அவன் பேருக்கு மேலே. இன்னொன்று, இழுப்பறையில் இருந்த கடிதத்தின் இரண்டாவது தாள். அது இப்படி ஆரம்பித்தது: 'நான்தான். என் மச்சான் அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். பத்தைக் கழிக்க மறந்தது என் தவறு. அவர் அளவில் ஒரு மயிரிழை பிசகு காண முடியாது. கையேட்டில் அவர் பேரை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். இந்தக் கடிதம் பற்றி அவருக்குத் தெரிய வேண்டாம்.'

நீங்கள் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உடைந்து அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது. தண்ணீர்கூடக் கொண்டுவரச் சொன்னீர்கள். உங்கள் நல்ல மனசு. ஆனால் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்னமும் தணியவில்லை, எழுத்து கொஞ்சம் அழுத்தமாக விழுவதற்கு மன்னிக்கவும். ஏணியில் நின்றது நான். டேப்பைப் பிடித்தது நான். வெயிலில் கண் கூசி ஒரே ஒரு எண்ணில் பத்தைக் கழிக்காமல் படித்ததும் நான்தான். வீட்டை அவனுக்குக் கொடுத்தேன், தங்கையைக் கொடுத்தேன், வாசலில் பேர்ப் பலகையைக் கொடுத்தேன். முப்பத்துநாலு வருஷத்தில் நான் செய்த ஒரே தப்பு அது. அதையும் அவன் தன் பேரில் எழுதிக்கொண்டுவிட்டான்.